11 அசை அடியில் உயிரும் உயிரும் சந்திக்கும் இடம்: விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். தாந்தேயின் 'தெய்வீக நாடக'த்தை இத்தாலிய மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்து வருகிறேன். அதன் அடிகளை எண்ணுவதில் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

அடிக்கு 11 அசை (நம் நேர், நிரை அல்ல; ஆங்கிலத்தில் 'சிலபிள்' எனப்படும் ஒலியலகு) என்று சொல்லப்பட்டாலும், உண்மையில் மாறாமல் நிற்பது 10ஆம் அசையில் விழும் அழுத்தமே என்பதும், இறுதிச் சொல்லின் அழுத்தத்தைப் பொறுத்து அடி 10 அசையிலோ 12 அசையிலோ முடியலாம் என்பதும் புரிந்துவிட்டன. ஒற்று நீக்கி எழுத்தெண்ணிப் பாடும் கட்டளைக் கலித்துறையில் ஊறிய காதுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு அந்நியமாகவும் இல்லை.

தடுமாற்றம் வேறோரிடத்தில். நூலின் இரண்டாம் அடியின் முடிவில், இருண்ட காட்டைக் குறிக்கும் 'செல்வா ஒஸ்கூரா' என்ற தொடரில், 'வா'வும் 'ஒ'வும் ஓரசையாக எண்ணப்படுவதால்தான் அந்த அடி 11 அசையில் நிற்கிறது. உயிர் வந்தால் நம் குற்றியலுகரம் கெடுவதைப்போல, வாசிக்கும்போது அங்கே முதல் உயிர் மறைந்துவிடுகிறதா, அல்லது இரண்டும் ஒலித்தபடியே ஓரசையாக இணைகின்றனவா? வேறு சில அடிகளில் இத்தகைய உயிர்களைப் பிரித்து எண்ண வேண்டியிருப்பதை எப்படி அறிவது?

இத்தாலியக் கவிதையை வாய்விட்டுப் படித்துப் பழகியவர்கள் இந்த ஓரடியையேனும் படித்து ஒலிப்பதிவாக அனுப்பினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.