புதுப்பிப்பு: கவசம் அணிந்தவர் கிராம்வெல் அல்ல, ஸ்ட்ராஃபோர்ட்

30 x 25 அங்குல எண்ணெய் ஓவியம், கருப்புக் கவசம், மூலையில் தங்க எழுத்தில் 'ஆலிவர் கிராம்வெல்' (17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட படைத்தலைவர்). இவர் யார் என்று முன்பு கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

வழி காட்டியது, 'எழுத்தை நம்பாதீர்கள், வான் டைக்கின் ஸ்ட்ராஃபோர்ட் படங்களோடு ஒப்பிடுங்கள்' என்ற யோசனைதான். வான் டைக் 17ஆம் நூற்றாண்டு ஓவியர்; ஸ்ட்ராஃபோர்ட் என்பது அதே காலத்து ஆங்கிலேயப் பிரபு தாமஸ் வென்ட்வொர்த்தின் பட்டப் பெயர். லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் உள்ள, 1636 வாக்கில் வான் டைக் பட்டறையில் வரைந்த தாமஸ் வென்ட்வொர்த் படத்தோடு முகமும் தோள் திருப்பமும் ஒத்துப்போகின்றன. கிராம்வெல்லின் முகத்தில் இருந்த மரு இதில் இல்லை. கவசத்தையும் நிலையையும் மட்டும் வைத்து ஆளை முடிவு செய்யக் கூடாது: கிராம்வெல்லை வரைந்த ராபர்ட் வாக்கரே வான் டைக்கின் நிலைகளை எடுத்தாண்டவர்.

அடுத்து எழுத்து. புற ஊதா ஒளியில் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிர, எழுத்து அதன்மேல் கருமையாகத் தெரிந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் தங்க நிறம் பழைய வெடிப்புகளுக்குள் இறங்கியிருக்கிறது. வண்ணம் காய்ந்து வெடித்த பிறகே எழுதியிருக்கிறார்கள்.

எதிர்பாராதது வானத்து நீலம். அகச்சிவப்பு நிறமாலையில் 2090 செ.மீ⁻¹ அருகே சயனைடு முகடு வந்தது. அது பிரஷ்யன் நீலம் என்ற செயற்கை நிறமியின் அடையாளம். அந்த நிறமி 1700களின் தொடக்கத்தில்தான் பெர்லினில் உருவானது, ஸ்ட்ராஃபோர்ட் காலத்தில் இல்லை. எக்ஸ் கதிர்ச் சோதனை இந்த நீலத்தில் உள்ள இரும்பை மட்டுமே காட்டும், காவியிலும் இரும்பு உண்டு என்பதால் அது போதாது. பின்னாளில் பூசிய திருத்தமோ என்று வண்ண அடுக்குகளைக் காட்டும் குறுக்குவெட்டு மாதிரியும் எடுத்தோம். நீலம் அடிப்படை அடுக்கிலேயே இருக்கிறது.

ஆகவே ஆள் ஸ்ட்ராஃபோர்ட். படம் 18ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிந்தியதோ ஆன நகல். எழுத்தை அழிக்கவில்லை, அதுவும் படத்தின் வரலாறுதான்.