கரண்ட் வைப்பதற்கு முன் எடுக்கும் எம்.ஆர்.ஐ. - உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

அப்பாவுக்கு மூளையில் கட்டி. கிளையோமா என்றார்கள். மதுரையில் ஆபரேஷன் முடிந்து காயம் ஆறியதும் ரேடியேஷனுக்கு அனுப்பினார்கள். எங்கள் திருமங்கலம் பக்கம் கரண்ட் வைப்பது என்றால்தான் எல்லோருக்கும் புரியும். "ஷாக் அடிக்குமாடா?" என்று அப்பா கேட்டார். வலியே தெரியாது என்று சொல்லித் தேற்றினோம். அதற்கு முன்னால் ஸ்கேனுக்காக நாங்கள் அலைந்த அலைச்சலைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்னொரு குடும்பம் அப்படி அலையக் கூடாது.

முதலில் மாஸ்க் செய்தார்கள். வலை மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, முகத்தின் மேல் படியவைத்தார்கள். தினமும் தலை ஒரே நிலையில் இருக்க அது வேண்டும். அந்த மாஸ்க்கோடு சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். அப்புறம், "எம்.ஆர்.ஐ. சி.டி. எங்கே?" என்று கேட்டார்கள். "இப்போதானே சார் சி.டி. எடுத்தீங்க?" என்றேன். அவர்கள் கேட்டது ஸ்கேனைப் பதிந்து தரும் வட்டத் தகடு. என்னிடம் இருந்ததோ பெரிய உறையில் பிலிம். பிலிமை வெளிச்சத்தில் பிடித்து நோயைச் சொல்லலாம், கம்ப்யூட்டரில் ஏற்றி, எங்கே எவ்வளவு கதிர் என்று பிளான் போட முடியாது.

கோரிப்பாளையத்துக்கு ஓடி, ஸ்கேன் எடுத்த இடத்தில் தகட்டை எழுதி வாங்கி வந்தேன். அதுவும் உதவவில்லை. ஆபரேஷனுக்கு முன்பு எடுத்தது, அதுவும் 5 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டிய படங்கள். நோய் என்ன என்று பார்க்க அது போதும். கட்டியின் ஓரத்தைக் கோடு போட்டு வரைய, ஆபரேஷனுக்குப் பிறகு, சுமார் 1 மில்லிமீட்டர் கனத்தில், இடைவெளி விடாமல் எடுத்த படம் வேண்டுமாம். இதை யாராவது முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

பிளான் போடும் பிசிசிஸ்ட் பொறுமையாக உட்கார்ந்து திரையில் காட்டினார். சி.டி.யில் மூளை முழுக்க ஒரே சாம்பல் நிறம். எம்.ஆர்.ஐ.யில் கட்டி எடுத்த குழி, மிச்சம், அதைச் சுற்றிய வீக்கம், பார்வை நரம்பு எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன. "அப்படியானால் எம்.ஆர்.ஐ. ஒன்றே போதாதா?" என்று கேட்டேன். எம்.ஆர்.ஐ.யில் கெட்டி எலும்பும் கறுப்பு, காற்றும் கறுப்பு. ஆனால் கதிர் இரண்டிலும் ஒரே மாதிரி போவதில்லை. எந்த இடம் எவ்வளவு கதிரை உறிஞ்சும் என்ற கணக்கை சி.டி.தான் தரும். அதனால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். அதை எனக்குச் செய்தே காட்டினார்.

கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, படம் தெளிவாகத் தெரிய மருந்து ஏற்றி மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தோம். 30 தடவையாக, மொத்தம் 60 கிரே. கிரே என்பது கதிரின் அளவு. பார்வை நரம்பு அவ்வளவைத் தாங்காது என்பதால் அதைத் தனியாக வரைந்து ஒதுக்கிக் காப்பாற்றினார்கள். இன்று காலையும் அப்பா தானாகவே பேப்பர் படித்தார்.

மேலூரிலிருந்து ஓர் அக்கா

தம்பி, எனக்குக் கர்ப்பப்பை வாயில் கட்டி. வெளியிலிருந்து வைக்கும் கரண்ட் 25 தடவை முடிந்து, கருவி வழியாக உள் கரண்ட் வைக்கும்போதுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு, கருவியை உள்ளே பொருத்தி, அதோடேயே ஸ்கேன். எல்லாக் கருவியையும் அந்த அறைக்குள் கொண்டுபோக முடியாதாம். எம்.ஆர்.ஐ. மெஷினின் காந்தத்துக்கு ஒத்துவரும் கருவியாக இருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் மாற்றும்போது போர்வையோடு தூக்கினார்கள். கருவி கொஞ்சம் நகர்ந்தாலும் கணக்கு போச்சு என்று நர்ஸம்மா சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். அன்றைக்கு அந்தச் சத்தம்தான் எனக்குத் தைரியம்.

முதலில் இருந்த கட்டி எவ்வளவு, 25 முடிந்தபின் மீதி எவ்வளவு என்று டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மூத்திரப்பையும் மலக்குடலும் கட்டியை ஒட்டியே இருக்கின்றன. மீதி இருந்ததற்கு ஏற்ற மாதிரி, அவை இரண்டுக்கும் கதிர் குறைவாகப் போகும்படி கணக்குப் போட்டார்கள். கூச்சத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தள்ளிப்போடும் அக்கா தங்கைகள் இதைப் படித்தால், தயவுசெய்து போங்கள்.

ஸ்கேன் அறையில் வேலை பார்ப்பவன்

தாலியைக் கழற்றச் சொன்னதும் அழுத அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் நாளே சொல்லிவிடுவேன், மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டு வாருங்கள் என்று. பலர் அப்படியே வருகிறார்கள். மெட்டி, மூக்குத்தி, ஊக்கு, வெள்ளி அரைஞாண் எல்லாம் வெளியே. பேஸ்மேக்கர், காலில் கம்பி, பழைய ஆபரேஷன் எதையும் மறைக்காதீர்கள்.

பிளானிங்குக்கு என்றால் படுக்கையின் மேல் தட்டையான பலகை போடுவோம், ரேடியேஷன் மேசை மாதிரியே உடம்பு கிடக்க வேண்டும் என்பதற்காக. மாஸ்க்கோடு படுத்தால் வழக்கமான தலைக்கூடு நுழையாது, படத்துக்கான சிக்னலைப் பிடிக்கும், வளைகிற காயிலை (coil) வைத்துக் கட்டுவோம். நேரம் கூடுதலாகும். சத்தத்துக்குக் காதில் பஞ்சு தருவோம், கையில் ஒரு ரப்பர் பந்து தருவோம். பயமாக இருந்தால் அமுக்குங்கள், உடனே நிறுத்தி உள்ளே வருவோம். சீட்டில் 'ரேடியேஷன் பிளானிங்' என்று டாக்டர் எழுதித் தந்தால் எங்களுக்கு எல்லாம் விளங்கிவிடும். எழுதாவிட்டால் சாதாரண ஸ்கேன்தான் எடுப்போம். திருமங்கலம் தம்பிக்கு நடந்தது அதுதான்.

சிவகங்கையிலிருந்து

அம்மாவுக்கு வருகிற செவ்வாய்க்கிழமை மாஸ்க். இதைப் படித்துவிட்டு பீரோவைத் திறந்து பார்த்தேன். உறைக்குள் பிலிம் மட்டும்தான் இருக்கிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் மாட்டுத்தாவணி போய்த் தகட்டை வாங்கிக்கொண்டு, சீட்டில் எழுதியும் வாங்கி வருகிறேன் அண்ணே.