புதுப்பிப்பு: அங்கன்வாடி விட்ட பிறகு பாப்பாவை யார் பார்க்கிறது? (சேலம்)

போன மாசம் கேட்டிருந்தேன். தனியாளா இருக்கேன், தையல் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு, ஆறு மணிக்குத்தான் விடுவாங்க, மூணு வயசுப் பொண்ணை அங்கன்வாடியில அதுவரைக்கும் வச்சுக்க மாட்டாங்க, என்ன பண்றதுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

30 பெண்களுக்கு மேல வேலை பாக்குற தொழிற்சாலையில குழந்தைகள் காப்பகம் வைக்கணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே இருந்துச்சுன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. கேட்டேன். ரூம் இருக்கு! திறந்தா தொட்டில் மேல துணி பண்டல். "பாக்கலாம்மா"ன்னாங்க. இன்னும் பாத்துட்டுதான் இருக்காங்க.

கைகொடுத்தது இன்னொரு யோசனை: 'வீட்டுலயே கொலுசு வேலை பாக்குற அக்கா யாராவது தெருவுல இருப்பாங்க, அவங்களைக் கேளுங்க.' எதிர்வீட்டு அக்கா ஒத்துக்கிட்டாங்க. மாசம் 800 ரூபாய். சாதா டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு கிடையாதுங்கிறதால இது கட்டுப்படியாகுது.

எதிர்பார்க்காதது ரெண்டு. அங்கன்வாடி டீச்சர் மொத நாள் பாப்பாவை அக்கா கூட அனுப்பல (நியாயம்தானே). நான் கைப்பட லெட்டர் எழுதி, அக்காவோட ஆதார் நகலும் கொடுத்தப்புறம்தான் விட்டாங்க. இதை முன்னாடியே செஞ்சிடுங்க. அடுத்தது, கொலுசு வேலைக்கு அக்காவுக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்குறாங்க. அதனால கிளம்பும்போது பாப்பா கவுன் பாக்கெட்டை உதறிப் பாக்கணும். நேத்து ரெண்டு சலங்கை விழுந்துச்சு.

காய்ச்சல் வந்தா மட்டும் லீவுதான். அதுக்கு இன்னும் வழி கிடைக்கல.