ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸில் டிஎன்எஃப் ஆல்ஃபா: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்கு ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ், அதாவது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் அழற்சி நோய். அந்தத் தாக்குதலை அடக்கும் பிரட்னிசொலோனும் அசதயோபிரினும் எடுத்தும் எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) முழுசாக இறங்க மாட்டேன் என்கிறது. இந்த நோயில் கூடும் ஐஜிஜி என்ற ஆன்டிபாடியின் அளவும் அப்படியே நிற்கிறது. மருந்தை நாங்களாக மாற்றப் போவதில்லை. டாக்டரிடம் விவரம் புரிந்து பேச வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன்.

அவளுடைய கல்லீரல் பயாப்ஸியில் (திசுப் பரிசோதனையில்) நோய் எதிர்ப்புச் செல்களான லிம்போசைட்டுகளும் பிளாஸ்மா செல்களும், ரத்தக் குழாய்களும் பித்தக் குழாயும் செல்லும் போர்ட்டல் பகுதியின் விளிம்பைத் தாண்டிக் கல்லீரல் செல்களுக்கு நடுவே புகுந்திருந்தன. டி செல்கள் (லிம்போசைட்டுகளில் ஒரு வகை) சுரக்கும் சமிக்ஞைப் புரதமான இன்டர்ஃபெரான் காமா, கல்லீரல் செல்லின் மேற்பரப்பில், டி செல்களுக்கு அடையாளம் காட்டும் எச்எல்ஏ மூலக்கூறுகளைக் கூட்டுகிறது. அதனால் தாக்கவரும் டி செல்களின் கண்ணில் அந்தச் செல் இன்னும் எளிதாகப் படுகிறது. இன்டர்லூகின்-17 என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதம் அழற்சியை வளர்க்கிறது. அதே மாதிரிப் புரதமான டிஜிஎஃப் பீட்டா இரண்டு பக்கமும் வேலை செய்கிறது: தாக்குதலை அடக்கும் ட்ரெக் செல்கள் உருவாக அது வேண்டும், கல்லீரலிலுள்ள ஸ்டெல்லேட் செல்களைத் தூண்டி ஃபைப்ரோசிஸ் (தழும்புத் திசு) உண்டாக்குவதும் அதுவே. இதுவரை ஓரளவு பிடிபட்டது.

அழற்சியைத் தூண்டும் இன்னொரு சமிக்ஞைப் புரதமான டிஎன்எஃப் ஆல்ஃபாதான் புரியவே இல்லை. அதைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத சிலருக்குத் தரப்படுகிறது. ஆனால் மூட்டுவாதத்துக்கோ குடல் அழற்சிக்கோ அதே மருந்தை எடுத்த சிலருக்கு இதே மாதிரிக் கல்லீரல் அழற்சி வந்திருக்கிறது! ஒரே மூலக்கூறைத் தடுப்பது இப்படி எதிரெதிர் விளைவு தருவது எப்படி? யாருக்கு எது நடக்கும் என்று முன்கூட்டியே காட்டும் பரிசோதனை ஏதாவது உண்டா?

இம்யூனாலஜி (நோய் எதிர்ப்பியல்), ஹெபடாலஜி (கல்லீரல் மருத்துவம்) படித்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள். அசதயோபிரினிலிருந்து, அதற்குப் பதிலாகத் தரப்படும் மைக்கோஃபினோலேட்டுக்கு மாறியவர்கள் இருந்தால், டாக்டரிடம் என்னென்ன கேட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.