தாமஸ் கோல் ஓவியத்தில் மழை வருகிறதா, போகிறதா?

தூரிகை: தாமஸ் கோல் 1836-ல் வரைந்த 'தி ஆக்ஸ்போ' ஓவியத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பழகுகிறேன். இடப்பக்கம் முறிந்த மரம், கறுத்த மேகம், வலப்பக்கம் வெயிலில் வளைந்து கிடக்கும் கனெக்டிகட் ஆறும் வயல்களும். மேகம் ஆற்றுப் பக்கம் வருகிறதா, விலகுகிறதா என்று தெரியாமல் மூன்று நாளாக வானத்திலேயே நிற்கிறேன். அப்புறம், ஓவியர் தன்னையும் உள்ளே வரைந்திருக்கிறாராமே, எங்கே?

மலைப்பாதை: விலகுகிறது. முழுத் தலைப்பிலேயே 'இடிமழைக்குப் பிறகு' என்று இருக்கிறது, ஹோலியோக் மலை உச்சியிலிருந்து பார்த்த காட்சி. அதனால் வலப்பக்க வானம் கழுவிவிட்டது போல் இருக்கட்டும். ஓவியரைத் தேட முதலில் குடையைப் பிடியுங்கள். கீழே பாறை மேல் ஒரு குடை ஆற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு இடப்பக்கம் பாறைகளுக்கு நடுவே தொப்பியோடு ஒரு சின்ன உருவம், வரைவதை நிறுத்திவிட்டுத் திரும்பி நம்மையே பார்க்கும். மூலப்படம் கிட்டத்தட்ட 193 செ.மீ. அகலம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சின்ன அச்சில் அவர் கண்ணில் படமாட்டார்.

கரித்துண்டு: மழை போனது சரி, ஆனால் படத்தில் நிம்மதி மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கோல் இங்கிலாந்தின் போல்டனில் பிறந்தவர், பஞ்சாலைகள் பெருகிய லங்காஷயர் பகுதி அது. 1818-ல்தான் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். இந்தப் படம் வரைந்த அதே ஆண்டு வெளிவந்த கட்டுரையில், கோடரி காட்டை நாளுக்கு நாள் தின்கிறது என்று வருந்தி எழுதினார். ஆற்றுக்கு அப்பால் தெரியும் குன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள், மரம் வெட்டிய மொட்டைத் திட்டுகள் தெரியும். அவற்றை எபிரேய எழுத்துகள் என்று படிப்பவர்களும் உண்டு, எனக்கு அது ரொம்பத் தூரம் போவதாகப் படுகிறது. எப்படியானாலும் அந்தத் திட்டுகளைப் பச்சையால் மூடிவிடாதீர்கள்.

நீரோட்டம்: இன்னொன்று. அந்த வளைவு இன்று ஆறே இல்லை. 1840 வெள்ளத்தில், வளைவின் இரு முனைகளும் நெருங்கும் ஒடுங்கிய நிலமான கழுத்துப் பகுதியை அறுத்துக்கொண்டு ஆறு நேராகப் பாய்ந்துவிட்டது, வளைவு ஏரியாகத் தங்கிவிட்டது. புவியியலில் குருட்டு ஆறு என்போமே, அதேதான். கோல் வரைந்து நாலே வருஷம்! வளைவை வரையும்போது கழுத்து எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று கவனியுங்கள்.

தூரிகை: குடை கிடைத்தது, தொப்பியும் கிடைத்தது! குன்றைப் பச்சையாகவே பூசி வைத்திருந்தேன், இப்போதுதான் சுரண்டி எடுத்தேன். ஈரம் காயாததால் தப்பித்தது.