ஹகுஓகி ஹெய்சுகே: உங்களுக்கு எப்படிப் பழக்கம்?

ஹகுஓகி என்ற ஜப்பானியக் காதல் கதை வீடியோ கேமை விளையாடியவர்களில் பாதிப் பேர் ஹிஜிகதா, மீதிப் பேர் சைதோ என்று உருகுவீர்கள், தெரியும். எனக்கு தோதோ ஹெய்சுகேதான். ஷோகுன் ஆட்சிக்காகக் கியோட்டோவைக் காவல் காத்த ஷின்சென்குமி என்ற வாள்வீரர் படையின் எட்டாம் பிரிவுக்கே தலைவன், ஆனால் அந்தப் பந்தா துளியும் கிடையாது. அப்பாவைத் தேடி ஆண் வேடத்தில் கியோட்டோ வந்து மாட்டிக்கொள்ளும் கதாநாயகி சிசுருவை என்ன செய்வதென்று பெரியவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இவன் பாட்டுக்கு ‘நமக்குள்ள ஒரே வயசுதானே, சும்மா ஹெய்சுகேன்னே கூப்பிடு’ என்கிறான். படைத்தோழன் நகாகுரா இவன் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்பதும் இவன் கத்துவதுமாக வரும் காட்சிகளைத் தள்ளிவிடாதீர்கள். 1867 வந்ததும் அந்தச் சத்தம் இல்லாத குறை உறைக்க வேண்டுமே.

ஆமாம், விட்டுவிட்டுப் போய்விடுகிறான். படையில் இருந்த இட்டோ கஷிதாரோ தனிக்குழு கட்டிப் பிரியும்போது இவனும் கூடவே. ‘டேய், நீ எங்கடா போற’ என்று திரையைப் பார்த்தே திட்டினேன். அப்புறம்தான் யோசித்தேன்: இட்டோவும் இவனும் ஹொகுஷின் இத்தோ-ர்யூ வாள்பள்ளியில் பழகியவர்கள், இட்டோவைப் படைக்குள் கொண்டுவந்ததே இவன். அழைத்து வந்தவரைத் தனியே அனுப்பிவிட்டு இவன் மட்டும் எப்படி நிற்பான்? இந்தப் பக்கம் படைத்தலைவர் கொந்தோ, அந்தப் பக்கம் இட்டோ, இரண்டு பக்கமும் நன்றிக்கடன். உத்தரவு என்றதும் தலையாட்டுகிற ஆட்களை விட இவன் விசுவாசம் எனக்குப் பிடிக்கக் காரணமே இந்த இழுபறிதான்.

இட்டோ குழுவும் ஷின்சென்குமியும் மோதும் அபுரானோகோஜி சண்டையில் உயிர் போகும் நிலையில் ஒச்சிமிசுவைக் குடிக்கிறான், மனிதனை ரத்தவெறி அரக்கனாக்கும் மந்திரத் தண்ணீர் அது. வெள்ளை முடி, சிவந்த கண், வெயில் ஆகாது, பலத்தைக் காட்டக் காட்டச் சொந்த ஆயுள்தான் கரையும். ரத்த தாகம் வரும்போது ரத்தம் கொடுப்பதா மருந்தா என்று நம்மிடமே கேட்கும்போது கை நடுங்கும். இவனுக்குக் குரல் கொடுத்த யோஷினோ ஹிரோயுகியின் குரல் அந்த இடத்தில் சிரித்து மழுப்பப் பார்க்கும், அது அழுகையை விட மோசம்.

நீங்களும் சொல்லுங்கள்.

*

நான் கதையை முடித்த சூட்டோடு கியோட்டோ போனவள். அபுரானோகோஜி தெருவில் ஹொன்கோஜி என்று சின்னக் கோயில், வாசலில் இட்டோ இறந்த இடம் என்று கல் நட்டிருக்கிறார்கள், கவனிக்காமல் நடந்தால் தாண்டிப் போய்விடுவோம். விளையாட்டில் மந்திரத் தண்ணீர் கிடைத்தது, நிஜ ஹெய்சுகேவுக்கு அது இல்லையே. கொந்தோ வீட்டில் விருந்து கொடுத்து, திரும்பும் வழியில் இட்டோவை ஷின்சென்குமிக்காரர்களே கொன்று, உடலைத் தெருமுனையில் போட்டுவைத்தார்கள், எடுக்க வருகிறவர்களைப் பிடிக்க. பொறி என்று தெரிந்தும் இட்டோ குழுவில் ஏழு பேர் வந்தார்கள், அதில் இவனும். மூன்று பேர் திரும்பவில்லை. பிறக்கும்போதே ஒரு வயது என்று எண்ணும் பழைய ஜப்பானியக் கணக்கில் இவனுக்கு 24 வயது. கொந்தோ இவனை மட்டும் விட்டுவிடச் சொன்னதாகவும், நகாகுராவும் வழி விட்டதாகவும், அது தெரியாத வேறொருவன் வெட்டியதாகவும் சொல்கிறார்கள். நகாகுரா 1915 வரை உயிரோடு இருந்தார் என்பதை நினைத்தால் அந்தச் சாப்பாட்டுச் சண்டைக் காட்சிகளை இனி சிரித்துப் பார்க்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள் தோழி.

*

இரண்டு பேரும் அழவைக்கிறீர்கள், ஆனால் விசுவாசம் என்று பேச்சு வந்தால் என் ஓட்டு அதே படையின் இன்னொரு வீரன் சோமா கசுஎவுக்கு. ஹெய்சுகே மாதிரி முதல் பார்வையில் ஒட்டமாட்டான், விறைப்பான பையன், பழைய பதிப்பில் அவனோடு காதல் வளரும் தனிக் கதைவழியும் இல்லை, கியோட்டோ விண்ட்ஸ் என்ற புதுப் பதிப்பில்தான் கொடுத்தார்கள். நிஜத்தில் 1868இல் பிடிபட்ட கொந்தோவைக் காப்பாற்றக் கடிதம் எடுத்துக்கொண்டு நேராக எதிரியான புதிய அரசுப் படையின் முகாமுக்கே போனவன், அங்கேயே சிறைபிடிக்கப்பட்டான். இவனை விட்டுவிடுங்கள் என்று கொந்தோ கெஞ்சியதால்தான் தலை தப்பியது. அப்புறமும் வீட்டுக்குப் போகாமல் வடக்கே ஹகோதாதே வரை போய்ச் சண்டை போட்டு, ஹிஜிகதா இறந்தபின் ஷின்சென்குமியின் கடைசித் தலைவன் ஆனான். ஆனது எதற்கு, சில நாளில் சரணடையத்தான். யாரும் ஏற்க விரும்பாத பதவி, பையன் ஏற்றுக்கொண்டான். இங்கே அவன் வழியை முடித்தவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா, இல்லை நான் ஒருத்திதானா?