777-ல ஏறும்னு சொன்ன கல் சிலை திரும்பி வந்துட்டு, வழி சொல்லுங்க

மயிலாடி_உளி:
எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் மயிலாடியில சிற்பக் கூடம் வெச்சிருக்கேன். தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஒரு கோயிலுக்கு முருகன் சிலை, பீடத்தோட 5 அடி, ஒரே கல். கும்பாபிஷேகத்துக்கு இன்னும் 19 நாள்தான் இருக்கு. கப்பல்ல அனுப்ப நேரம் இல்லைன்னு விமானத்துல புக் பண்ணினோம். திருவனந்தபுரத்துலேர்ந்து துபாய் வழியா. ஏஜென்ட் "போயிங் 777, பெரிய விமானம், கவலையே வேண்டாம்"னு சொன்னார்.

நேத்து களியக்காவிளை தாண்டி 80 கிலோமீட்டர் வண்டியை மெதுவா ஓட்டிக் கொண்டு போய் இறக்கினோம். கார்கோ ஷெட்டுல ஒருத்தர் டேப்பை வெச்சுப் பார்த்தார். பெட்டி உயரம் 178 செ.மீ. "இது ஏறாது, எடுத்துட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டார். ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு. ராத்திரியே திரும்பிட்டோம்.

என் மச்சான் கோயம்புத்தூர்ல மெஷின் கம்பெனியில இருக்கான். அவங்க 2.2 மீட்டர் உயர மெஷினை 777-லதான் அனுப்பினாங்களாம். அப்போ என் பெட்டி ஏன் ஏறாது? ஏஜென்ட் அளவு தெரியாம சொன்னாரா, இல்ல ஷெட்டுல தப்பா? நாலு மாச உழைப்பு. கை நடுங்குது.

தோவாளை_பிச்சி:
அண்ணே, புக்கிங் பேப்பர்ல விமான வகைன்னு மூணு எழுத்துக் குறி இருக்கும். அது என்னன்னு போடுங்க. பெட்டியோட நீளம், அகலம், எடையும் வேணும்.

மயிலாடி_உளி:
77டபிள்யூ-ன்னு இருக்கு. பெட்டி 60-க்கு 60, உயரம் 178. மொத்த எடை 540 கிலோ. சிலை நிக்கிற மாதிரி அடிச்சிருக்கோம்.

குளச்சல்_கார்கோ:
அண்ணாச்சி, நான் 14 வருஷம் வளைகுடாவுல கார்கோ ஷெட்டுல வேலை பார்த்தவன். ஷெட்டுக்காரர் சொன்னது சரி. உங்க மச்சான் சொன்னதும் சரி. ரெண்டு பேரும் சொல்றது ஒரே பேர்ல இருக்கிற வேற வேற விமானம்.

77டபிள்யூ-ன்னா 777-300இஆர், பயணிகள் விமானம். உருண்டையான உடம்பை நடுவுல ஒரு தளம் ரெண்டாப் பிரிக்குது. மேல ஆட்கள், கீழ சரக்கு. அந்தக் கீழறையைப் பெல்லின்னு சொல்லுவோம். விமானம் 73.9 மீட்டர் நீளம் இருந்தாலும் பெல்லியில பேலட்டோட (சரக்கை வெச்சுக் கட்டுற தட்டு) சேர்த்து சுமார் 160 செ.மீ. உயரம் வரைக்கும்தான் ஏத்துவாங்க. பேலட் 318-க்கு 244 செ.மீ., அதனால நீள அகலத்துக்குப் பஞ்சமே இல்ல. உங்களைத் தடுத்தது உயரம் மட்டும்தான்.

மச்சானோட மெஷின் போனது 777எஃப்-ல இருக்கும். கடைசியில ஒட்டியிருக்கிற அந்த எஃப்-தான் விஷயமே. அது சரக்குக்குன்னே கட்டினது, ஃப்ரெய்ட்டர்னு சொல்லுவோம். மேல் தளத்துல சீட் கிடையாது, பக்கவாட்டுல பெரிய கதவு, 3 மீட்டர் உயரம் வரைக்கும் ஏத்தலாம். சுமார் 100 டன் தூக்கும். பார்த்தா 300இஆரை விடக் குட்டை, 63.7 மீட்டர்தான்.

போயிங்ல இந்தக் குழப்பம் பல வரிசையிலயும் உண்டு. 767 பயணிகளுக்கு, 767-300எஃப் சரக்குக்கு, அது 50 டன்னுக்குக் கொஞ்சம் மேல எடுக்கும். 747-8எஃப் மூக்கையே மேல தூக்கித் திறக்கும், நீளமான குழாய், இரும்புச் சட்டமெல்லாம் முன்னாலேயே உள்ள தள்ளலாம். (நான் முதல் தடவை மூக்கு திறக்கிறதைப் பார்த்த அன்னைக்குச் சாப்பாட்டு நேரத்தையே மறந்துட்டேன். 2023 ஜனவரியில கடைசி 747-ஐக் கொடுத்து முடிச்சுட்டாங்க, மொத்தம் 1,574.) 787-க்குச் சரக்கு வகை இன்னும் பறக்கல, அதுல பெல்லி மட்டும்தான். பயணிகள் 737-ல பேலட்டே கிடையாது, பெல்லியில கையால அடுக்கறதுதான். கதவு உயரம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. நல்லவேளை, உங்க கல்லை 737-ல புக் பண்ணல.

அதனால ஏஜென்ட்கிட்ட "777-ஆ"ன்னு கேக்காதீங்க. "பெல்லியா, ஃப்ரெய்ட்டரா, உயரம் எவ்வளவு"ன்னு கேளுங்க.

மயிலாடி_உளி:
இப்பத்தான் புரியுது, தம்பி. ரொம்ப நன்றி. அப்போ ஃப்ரெய்ட்டருக்குச் சென்னை வரைக்கும் கொண்டு போகணுமா? 700 கிலோமீட்டர் ரோடு. முருகனோட கணுக்கால் மெலிசு, எனக்குப் பயமா இருக்கு.

குளச்சல்_கார்கோ:
அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கட்டா? சிலையைப் படுக்க வெச்சா உயரம் எவ்வளவு வரும்?

மயிலாடி_உளி:
75-க்குள்ள வரும். ஆனா சாமியைப் படுக்க வெச்சு அனுப்பறதான்னு கோயில்காரங்க ஃபோன்ல தயங்கினாங்க. எனக்கும் மனசு வரல. அதனாலதான் நிக்க வெச்சு அடிச்சேன்.

சுசீந்திரம்_ஸ்தபதி:
மக்களே, நான் 41 வருஷமா உளி பிடிக்கிறவன். பயப்படாண்டாம். கண் திறக்கிறது வரைக்கும் அது சிலை. நீ செதுக்கும்போது எத்தனை நாள் அந்தக் கல்லு படுத்துக் கிடந்துது? பிரதிஷ்டைக்கு முன்னால தண்ணியில ஜலாதிவாசம், தானியத்துல தானியாதிவாசம், படுக்கையில சயனாதிவாசம்னு வெக்கிறோமே. சயனாதிவாசத்துல மெத்தை போட்டுப் படுக்கத்தானே வெக்கிறோம். கோயில்காரங்ககிட்ட இதைச் சொல்லு, அவங்க குருக்கள் உடனே சரின்னு சொல்லுவார்.

கல்லுக்கும் அதுதான் நல்லது. நிக்க வெச்சா வண்டி குலுங்குற ஒவ்வொரு தடவையும் மேல் பாரம் முழுக்க கணுக்கால்லதான் விழும். மல்லாக்கப் படுக்க வை. பீடம், இடுப்பு, தோள் மூணு இடத்துலயும் அந்தந்த வளைவுக்குச் செதுக்கின மரத் தொட்டில் கொடு. பாரம் முழுக்க அந்த மூணு இடத்துலதான் இறங்கணும். கழுத்து, கணுக்கால், அபய கைக்கு அடியில மெத்துனு ஃபோம் மட்டும் தொட்டுக்கிட்டு இருக்கணும், தாங்கக் கூடாது. வேல் உலோகம்னா தனிப் பெட்டி. வைக்கோல் வைக்காண்டாம், வெளிநாட்டுல செடிகொடிச் சோதனையில நிறுத்திருவான்.

குளச்சல்_கார்கோ:
அய்யா சொன்னதோட சேர்த்து ரெண்டு மூணு விஷயம்.

தரைப் பாரம்: நிக்கும்போது 540 கிலோவும் 60-க்கு 60-ல இறங்குது. சதுர மீட்டருக்கு 1,500 கிலோ. உயரம் சரியா இருந்தாலும் இதுக்கே கேள்வி வந்திருக்கும். 185-க்கு 75-ல படுத்தா 400-க்குப் பக்கத்துல வந்துடும்.

கட்டணம்: பெட்டி பெருசாகுதேன்னு கவலைப்படாதீங்க. கன சென்டிமீட்டரை 6,000-ஆல வகுத்து, வர்றதைக் கிலோவா எடுத்து நிஜ எடையோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. படுத்த பெட்டிக்கு 175 கிலோவுக்குள்ளதான் வரும். கல்லோட நிஜ எடை அதை விட அதிகம், அதனால 540-க்குத்தான் காசு, முன்னால மாதிரியே.

மரம்: ஐஎஸ்பிஎம்-15 (வெளிநாட்டுக்குப் போற மரப் பெட்டிக்கான உலக விதி) முத்திரை வேணும். மரத்தோட உள்நடுவு 56 டிகிரியில 30 நிமிஷம் சூடேறினதுக்கு அடையாளம் அது. பெட்டிக்கு மட்டும் இல்ல, உள்ள வைக்கிற தொட்டில் கட்டைக்கும் உண்டு. நம்ம ஊர்ல நிறைய பேர் பெட்டியை முத்திரை மரத்துல அடிச்சுட்டு உள்ள பழைய பலாக்கட்டையை வெச்சு மாட்டிக்கிறாங்க.

தொல்லியல் துறையோட "தொல்பொருள் அல்ல" சான்றிதழ் கையில இருக்கா? சாமி சிலைன்னா சுங்கத்துல முதல் கேள்வியே அதுதான்.

மயிலாடி_உளி:
சான்றிதழ் போன மாசமே வாங்கிட்டேன். முத்திரை மரம் நாகர்கோவில்ல சொல்லி வெச்சாச்சு. டர்பன் குருக்கள்கிட்டயும் பேசிட்டேன். சயனாதிவாசம்னு சொன்னதும் "நல்லா படுக்க வெச்சு அனுப்புங்க"ன்னு சொல்லிட்டார்.

மயிலாடி_உளி (5 நாள் கழிச்சு):
பெட்டி ஏறிட்டு! நீளம் 188, அகலம் 76, உயரம் 72. அதே ஷெட்டு, அதே ஆள்தான் டேப் பிடிச்சார். இந்தத் தடவை ஏர்வே பில்லுல (விமானச் சரக்குச் சீட்டு) சீல் குத்திட்டு பெட்டியை ஒரு தட்டு தட்டிக் கொடுத்தார். 77டபிள்யூ, பெல்லி, ராத்திரி விமானம். மூணு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

சுசீந்திரம்_ஸ்தபதி:
சந்தோஷம் மக்களே. அங்க நிமிர்த்தும்போதுதான் கால் உடையும், அதைச் சொல்லிட்டியா? பீடத்து விளிம்புக்குக் கீழ மணல் மூட்டை வெச்சு, பட்டையை இடுப்புலயும் தோள்லயும் போட்டு நிமிர்த்தணும். கையிலயோ கழுத்துலயோ கயிறு படக் கூடாது.

மயிலாடி_உளி:
படம் வரைஞ்சு மூடிக்கு உள்பக்கம் ஒட்டிட்டேன் அய்யா. ஃபோன்லயும் ரெண்டு தடவை சொல்லிட்டேன்.